கூடை யார் கையில்: தூத்துக்குடியில் ஒரு பழைய கேலிச்சித்திரம் பார்த்த நாள்

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் தூத்துக்குடிக்குப் போய், ஒரு வாசகசாலையின் சுவரில் இருந்த குறிப்புத் தாளைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேனாம். எழுபத்தெட்டு வயதில் எனக்கு இவ்வளவு வேகம் இருப்பதாக நம்புகிறவர்களுக்கு நன்றி. ஆனால் நான் எதையும் கிழிக்கவில்லை. செயலாளர் பக்கத்தில் நிற்க, அவருடைய அனுமதியோடு, நான்கு பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். தாள் முழுசாக இருக்கிறது. அந்தத் தாளில் இருந்த தவறு என்னுடையது என்பதை மட்டும் குழுவில் யாரும் சொல்லவில்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

பயணம் இந்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை. காரணம் ஒரு படம். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு பழைய வாசகசாலை இருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் நம் பக்கத்துப் பத்திரிகைகளில் வந்த அரசியல் கேலிச்சித்திரங்களைச் சேர்த்து அங்கே ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள். அதையே புத்தகமாகவும் போடப் போகிறார்கள். முப்பத்தெட்டுப் படங்களில் ஒன்று என் மாமனார் வரைந்தது. பகலில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் குமாஸ்தா, மாலையில் ஒரு சின்ன வாரப் பத்திரிகைக்குச் சித்திரக்காரர். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

படம் இதுதான். கடற்கரை. தொப்பி வைத்த வெள்ளைக்கார அதிகாரி நிற்கிறார், கையில் ஓலைக் கூடை. அவர் முன்னால் மணலில் மூன்று குவியலாக முத்துச்சிப்பி. எதிரே கோவணம் கட்டிய முத்துக்குளிப்பவன் கைகட்டி நிற்கிறான். கீழே இரண்டே சொல்: புதிய பங்கு.

துரை கொடுக்கிறார், ஏழை கைகட்டி வாங்கிக்கொள்கிறான் என்றுதான் பார்க்கிற எவருக்கும் தோன்றும். என் கணவருக்கும் அப்படித்தான் தோன்றியது. கல்லூரியில் கூடப் படித்தவர்கள் இந்தப் படத்தைச் சொல்லி அவரைத் துரைவீட்டுப் பிள்ளை என்று கேலி செய்திருக்கிறார்கள். அப்பா என்ன செய்தார் என்று யார் கேட்டாலும் குமாஸ்தா என்பார், அதோடு வாயை மூடிக்கொள்வார். சித்திரக்காரர் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. புத்தகம் அச்சாகிவிட்டால் அந்தக் கேலி நிரந்தரமாகிவிடும். அதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

தடுப்பதற்குத் தகுதியும் எனக்கு இருப்பதாக நினைத்தேன். முப்பத்தோரு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தினேன். கேலிச்சித்திரம் வாசிப்பது எப்படி என்று என் கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நானும் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் காலப் படங்களுக்கு ஓர் அகராதியே உண்டு. சிங்கம் என்றால் பிரிட்டன். கரடி என்றால் ரஷ்யா. ஆலிவ் கிளையைக் கவ்விய புறா, போர் முடிந்து கூடிய சமாதானச் சபை. புறா இளைத்திருந்தால் சபையின் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று பொருள். நம் ஊர்ப் படங்களில் தொப்பி என்றால் அதிகாரம், ராட்டை என்றால் சுதேசி, ஒருவர் தீனி போட இன்னொருவர் பால் கறக்கும் பசு என்றால் நம் நாடு. இந்த அகராதியை வைத்துக்கொண்டு வாசகசாலைக்கு இரண்டு பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினேன். அதிகாரி கையில் இருப்பது ஐரோப்பியப் படங்களில் வரும் செழிப்பின் கூடை என்றும், ஓவியர் அதை ஏளனமாகத்தான் அவர் கையில் கொடுத்திருக்கிறார் என்றும் எழுதினேன். பதில் வரவில்லை. நேரில் போனேன்.

பாளையங்கோட்டையில் காலை 7.10க்குப் பேருந்து. கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய். பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து இந்தத் தடத்தில் கிடையாது, நடத்துநரிடம் வாதாடிப் பயனில்லை. தூரம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும். வல்லநாட்டில் ஆற்றைத் தாண்டும்போது தண்ணீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வாகைக்குளம் தாண்டியதும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிடும், அங்கே மட்டும் பதினைந்து நிமிடம் போய்விட்டது. 8.40க்குத் தூத்துக்குடி. இரண்டு இட்லி, ஒரு காப்பி. காப்பியைப் பற்றி எழுதாமல் விடுவது அந்தக் கடைக்கு நான் செய்யும் மரியாதை.

பேருந்து நிலைய வாசலில் முத்து என்கிற ஆட்டோக்காரரைப் பிடித்தேன். ஐம்பது வயது இருக்கும். நாள் முழுவதும் கூட இருக்க அறுநூறு கேட்டார், ஐந்நூறுக்கு முடிந்தது. முதலில் ஆச்சி என்று கூப்பிட்டார். டீச்சர் என்று கூப்பிடச் சொன்னேன். அதற்குப் பிறகு தன் ஆட்டோவில் இருந்த பிள்ளையாரிடம் பேசுகிற குரலில்தான் என்னிடம் பேசினார்.

வாசகசாலை சனிக்கிழமைகளில் ஒன்பதரைக்குத் திறக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி இடது பக்கம் மட்டும். செயலாளர் ஜெயபால், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், தாமே வந்து என்னை மேலே கூட்டிப் போனார். என் மாமனார் படம் ஜன்னலுக்குப் பக்கத்தில் பதினேழாவதாக இருந்தது. அதன் கீழே குறிப்பு. வாசித்தேன். நான்காவது வரியில் என் வாக்கியம் இருந்தது. அதிகாரியின் கையில் இருப்பது செழிப்பின் கூடை என்று ஓவியரின் மருமகளும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியையுமான இன்னார் உறுதிப்படுத்துகிறார். ஆகவே இது அரசு தந்த புதிய சலுகைகளை வரவேற்கும் படம்.

ஏளனம் என்று நான் எழுதியிருந்தது எங்கே என்று கேட்டேன். ஜெயபால் என் கடிதத்தையே எடுத்து வந்தார். நான் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் படத்தில் ஏளனம் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரிகூட நான் காட்டவில்லை. இரண்டு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தேன். என் மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் ஆதாரம் எங்கே என்று எழுதியிருப்பேன்.

“நீங்க எழுதுனதத்தான் போட்டிருக்கோம் டீச்சர்,” என்றார் ஜெயபால். குரலில் குத்தல் இல்லை. அதனால் இன்னும் சுருக்கென்றது.

புத்தகம் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது என்றார். படத்தை என் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு வந்தவளுக்குப் பசி எடுக்காது என்று கதைகளில் வரும். எனக்கு நன்றாகப் பசித்தது. பன்னிரண்டரைக்கு மீன் சாப்பாடு, நூற்று ஐம்பது ரூபாய், ஊளி மீன் குழம்பு. குழம்புக்காகவே அந்தத் தெருவுக்குப் போகலாம்.

முழு நாளுக்கும் ஆட்டோ பேசியாகிவிட்டது. அடுத்து எங்கே என்று முத்து கேட்டார். கடலைப் பார்க்கலாம் என்றேன். திரேஸ்புரத்தில் தன் மைத்துனன் சூசை சங்கு குளிக்கிறார், இரண்டு மணிக்கு வள்ளங்கள் கரைக்கு வரும், அங்கே போகலாம் என்றார். வாசகசாலையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான்.

திரேஸ்புரம் கரையில் செருப்பைக் கழற்றாதீர்கள், தூண்டில் முள் கிடக்கும். வலையைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். நாங்கள் போனபோது ஒரு வள்ளத்தில் ஐந்து பேர் வந்து இறங்கியிருந்தார்கள். விற்பனைக்கான மீன் போய்விட்டது, வீட்டுக் கறிக்கான மீனைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். மிக்கேல் என்பவர் வள்ளத்துக்காரர், கனத்த உடம்பு. அவர்தான் கூடையிலிருந்து மீனை அள்ளி மணலில் ஐந்து கூறாக வைத்தார். ஒன்றில் பெரிய மீன் விழுந்தால் அடுத்ததில் இரண்டு சின்ன மீன் சேர்த்தார். கூடை காலியானதும் எழுந்து, கூறுகளுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்டார். மிக்கேல் திரும்பாமலே ஒரு பெயரைச் சொன்னார். அடுத்த கூறு, அடுத்த பெயர். ஐந்தும் முடிந்த பிறகுதான் திரும்பினார். அவருக்கு விழுந்தது இருப்பதில் சின்னதாகத் தெரிந்தது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முத்துவின் மைத்துனன் சூசை பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் சாய்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அவரும் அப்போதுதான் கரையேறியிருந்தார். மிக்கேல் ஏன் முதுகைக் காட்டி நிற்கிறார் என்று கேட்டேன். கூறு வைக்கிறவன் கூறு எடுக்கக்கூடாது, அதுதான் வழக்கம் என்றார். இவ்வளவு சாதாரண விஷயத்தைக் கேட்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். பிறகு, முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மூன்று கூறு வைப்பார்கள் என்றார். குளித்தவர்களே கூடையை எடுத்து மூன்றாக வைக்க வேண்டும். துரை வந்து கையைக் காட்டுவார். இரண்டு சர்க்காருக்கு, மிச்சம் ஒன்று குளித்தவனுக்கு. எந்தக் கூறு தனக்கு விழும் என்று தெரியாது, அதனால் எவனும் கூட்டிக் குறைத்து வைக்க மாட்டான். அவருடைய குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விவரமாம் இது.

மூன்று கூறு என்றதும் என் கை தானாகப் பைக்குள் போனது. கைப்பேசியில் இருந்த படத்தை எடுத்துக் காட்டினேன். யார் வரைந்தது என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை, இந்த முறை எனக்கு அவ்வளவு புத்தி இருந்தது.

சூசை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினார். வெயில் படாமல் நெஞ்சோடு வைத்துப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

“ஏலே மிக்கேலு, இங்கன வாலே. ஒன்னய யாரோ படம் வரஞ்சிருக்காவ.”

மிக்கேல் வந்து பார்த்தார். தொப்பி மட்டும்தான் வித்தியாசம் என்று ஒருவர் சொன்னார். தொப்பை சரியாக வந்திருக்கிறது என்றார் இன்னொருவர். மிக்கேல் அந்த இருவரையும் நாளைக்கு வேறு வள்ளம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து பேரும் சிரித்தார்கள். முத்து எட்டிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் விளங்கவில்லை. எங்கே வேடிக்கை என்று கேட்டேன்.

“கூடை எவன் கையில இருக்கு, பாத்தியளா?” என்றார் சூசை. “கூறு வச்சவனும் அவந்தான், எடுக்கப் போறவனும் அவந்தான். களவாணிப் பய.”

அப்படியானால் குளிக்கிறவன் ஏன் கைகட்டி நிற்கிறான், அது பயபக்தி இல்லையா என்று கேட்டேன். சூசை படத்தில் அவன் கைகளைத் தொட்டுக் காட்டினார்.

“கூடையப் புடுங்கிட்டாம்லா. அவன் கைய எங்க வப்பான் டீச்சர்?”

நான் முப்பத்தோரு வருடம் பத்தாம் வகுப்புக்கு இரட்டை ஆட்சி என்கிற பாடத்தை நடத்தியவள். முதல் உலகப் போர் முடிந்ததும் மாகாண அரசின் துறைகளை ஆங்கிலேய அரசு இரண்டாகப் பிரித்தது. பள்ளிக்கூடமும் சுகாதாரமும் நம் அமைச்சர்களுக்கு. போலீசும் நிலவரியும் கஜானாவும் கவர்னர் பக்கம். பொறுப்பு வந்தது, அதை நடத்தப் பணம் வரவில்லை. பிரித்தவர்களும் அவர்களே, வேண்டியதை எடுத்துக்கொண்டவர்களும் அவர்களே. இந்த நியாயக்கேட்டைக் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்குவேன், மாணவிகள் கொட்டாவி விடுவார்கள். என் மாமனார் அதற்கு ஒரு கூடையைக் கை மாற்றி வரைந்திருக்கிறார். அவருடைய வாசகர்கள் இந்தக் கரையில் இருந்தவர்கள். பார்த்தவுடன் சிரித்திருப்பார்கள். வெள்ளைக்கார அதிகாரி அதே படத்தைப் பார்த்தால், தன்னைத் தாராளமானவனாக வரைந்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டிருப்பான். நானும் அந்த அதிகாரியைப் போலத்தான் பார்த்திருக்கிறேன்.

சூசை இன்னும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் குவியல்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. அவற்றில் குளிப்பவன் பக்கம் இருந்த குவியலைத் தொட்டுக் காட்டினார். கூடை அவன் கையில் இருந்தால் இவனுக்கு வெறும் ஓடுதான் விழும், வரைந்தவன் விவரம் தெரிந்தவனாக இருந்தால் அந்தக் கூறில் சிப்பியெல்லாம் வாய் பிளந்து கிடக்கும், போய்ப் பாருங்கள் என்றார். நீங்களும் வாருங்கள் என்றேன். உப்புத் தண்ணீரோடு வாசகசாலைக்கு எப்படி வருவது என்றார். சட்டையை மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் கொடுத்தேன். ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

மூன்றரைக்கு வாசகசாலை. மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள், அதனால் நேரம் பார்த்துப் போங்கள். ஜெயபாலிடம் முதலில் என் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். பிறகு படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து மேசையில் வைக்க முடியுமா என்று கேட்டேன். தயங்கினார், எடுத்தார். என் பையில் மருந்துச் சீட்டு வாசிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடி இருந்தது. அதைச் சூசையிடம் கொடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியை ஜெயபாலிடம் நீட்டினார்.

ஜெயபால் குனிந்து மூன்று குவியலையும் பார்த்தார். நிமிர்ந்து எனக்குக் கொடுத்தார். துரையின் காலடியில் இருந்த இரண்டு குவியலிலும் சிப்பிகள் இறுக மூடியிருந்தன. மூன்றாவதில் ஒவ்வொரு சிப்பியும் வாய் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் மயிரிழைக் கோட்டில் இரண்டு ஓடு. அந்தக் கோடுகளைப் போட ஒரு மாலை முழுக்க ஆகியிருக்கும். படத்தின் வலது கீழ் மூலையில் கடுகளவு ஒரு நண்டு இருந்தது. அதுதான் அவருடைய கையொப்பம் என்று என் கணவரின் அக்காள் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தக் குறிப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுங்கள் என்றார் ஜெயபால். நான்கு பின்கள். புதிய குறிப்பை அங்கேயே எழுதினோம். சூசை சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, கீழே அவர் பெயரைப் போட்டோம். களவாணிப் பய என்பதை மட்டும் ஜெயபால் எடுத்துவிட்டார். நான் ஆட்சேபித்தேன், பதிவாகட்டும்.

ஆனால் சுவர் வேறு, புத்தகம் வேறு. தாளில் தேதி இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. இது இரட்டை ஆட்சிக் காலத்துப் படம்தான் என்பதற்கு அச்சில் காட்ட ஆதாரம் வேண்டும். அதோடு, ஒரே ஒரு படத்தை வைத்து ஒரு மனிதருக்கு அரசியல் இருந்தது என்று எப்படி எழுதுவது என்று ஜெயபால் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் இதைவிட முன்னதாக அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். புத்தகத்தில் இந்தப் படம் வரும் நாற்பத்தொன்றாம் பக்கத்தை மாதக் கடைசி வரை திறந்து வைத்திருப்பதாகச் சொன்னார். தேதி தெரியும் இன்னொரு பிரதியோ, அதே கை வரைந்த இன்னொரு படமோ கிடைத்தால் என் மாமனாரை ஆட்சியைக் கேலி செய்த சித்திரக்காரர் என்றே அச்சிடுவார். கிடைக்காவிட்டால் இரண்டு விளக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவார். ஒரே நாளில் இவ்வளவு கிடைத்ததே பெரிது. 5.50 பேருந்தில் ஊர் திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். கண்காட்சி மாதக் கடைசி வரை இருக்கிறது. பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். பழைய கேலிச்சித்திரத்தைப் பார்க்கும்போது முகத்தையும் தொப்பியையும் கடைசியில் பாருங்கள். எந்தப் பொருள் யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்தப் பொருளைத் தினமும் கையாளுகிற ஒருவரிடம் படத்தைக் காட்டுங்கள், காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். சிங்கமும் கரடியும் எல்லா ஊருக்கும் பொது. கூடைக்கு அந்தந்த ஊரில்தான் அர்த்தம் இருக்கிறது. தூத்துக்குடிக்குப் பேர்போன முந்திரி மக்ரூன் வாங்கினால் அன்றே போட்டதை வாங்குங்கள். பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே வைத்தால் பொடிப்பொடியாகிவிடும்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். தூத்துக்குடி, திருச்செந்தூர், காயல், நாசரேத், சாத்தான்குளம் பக்கத்து வீடுகளில் பழைய வாரப் பத்திரிகைகள் பெட்டிக்கடியிலும், பழைய பைண்டிங் அட்டைக்குள்ளும், சாமி படச் சட்டத்தின் பின்பக்கமும் இன்னும் கிடக்கின்றன. வலது கீழ் மூலையில் சின்ன நண்டு போட்ட படம் ஏதாவது கண்ணில் பட்டால், படத்தில் யார் யார் இருக்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது, தேதி தெரிகிறதா என்ற மூன்றையும் எனக்கு எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம், எழுத்தில் வேண்டும். தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிப் பதில் அனுப்புங்கள்.